ஊட்டி நகர மையம்: போய்ச் சேர்வதும் வண்டி நிறுத்துவதும்

ஊட்டியின் நடுநகரம் மலைகள் சூழ்ந்த ஒரு நீண்ட பள்ளத்தில் இருக்கிறது. பள்ளத்தின் மேற்குக் கோடியில் ஏரியும் படகு இல்லமும். அங்கிருந்து சுமார் ஒரு கிலோமீட்டரில் பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அவற்றை ஒட்டிப் பழைய குதிரைப் பந்தய மைதானம். அதைத் தாண்டினால் மார்க்கெட்டும் ஏ.டி.சி. பகுதியும். கமர்சியல் சாலை வழியே மேலும் கிழக்கே போனால் சேரிங் கிராஸ் வரும். அங்கிருந்து கார்டன் சாலையில் வடகிழக்காக ஏறினால் 1848இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்கா. படகு இல்லத்திலிருந்து பூங்கா வாசல் வரை சாலை வழியாக ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். புதிதாக வருகிறவர் பார்க்க விரும்புவதில் பெரும்பகுதி இந்த நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 88,430. சாலைகள் குதிரைக்கும் மாட்டு வண்டிக்கும் போடப்பட்ட காலத்தின் அகலத்திலேயே பல இடங்களில் இன்றும் இருக்கின்றன. ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் கட்டடம் என்று இருப்பதால் அகலப்படுத்தவும் வழி குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் சமவெளியின் வெயில் தாங்காமல் ஏறி வரும் கார்கள் அத்தனையும் இந்தப் பள்ளத்துக்குள்தான் இறங்கியாக வேண்டும். ஆகவே கார் ஊட்டி வரைக்கும்தான் உதவும். ஊட்டிக்குள் அதை ஓட்டுவதைவிட நிறுத்தி வைப்பதே லாபம். எங்கே நிறுத்துவது என்ற முடிவை மேட்டுப்பாளையத்தைத் தாண்டுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். சேரிங் கிராஸில் வந்து நின்றுகொண்டு யோசிப்பவருக்குப் பின்னால் அரை கிலோமீட்டருக்கு ஹாரன் ஒலிக்கும்.

இ-பாஸ்

வெளி மாவட்ட, வெளி மாநில வண்டிகளில் வருவோர் இ-பாஸ் பெற்றிருக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரி மாவட்டத்துக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. சீசனில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைவதாக நீதிமன்றத்தில் கணக்குத் தரப்பட்டது. அதுவே உத்தரவுக்கு அடிப்படை. முதலில் பதிவு மட்டும்தான் கேட்கப்பட்டது. எத்தனை பேர் விண்ணப்பித்தாலும் பாஸ் கிடைத்தது. 2025 கோடையில் உச்சவரம்பும் சேர்ந்துகொண்டது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கோடை விடுமுறையில் சனி, ஞாயிறு பயணத்தை எண்ணுகிறவர்கள் அறை பதிவு செய்யும் நாளிலேயே பாஸையும் எடுத்துவிடுவது நல்லது. உச்சவரம்பும் அதற்கான மாதங்களும் மாறக்கூடியவை என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பம் தமிழக அரசின் இ-பாஸ் இணையதளத்தில். வண்டி எண், வருவோர் எண்ணிக்கை, வரும் நாள், தங்கும் நாட்கள், தங்குமிடம் ஆகிய விவரங்கள் கேட்கப்படும். வாடகைக் காரில் வருவோர், கடைசி நேரத்தில் வண்டி மாறினால் பாஸும் மாற வேண்டும் என்பதை ஓட்டுநரிடம் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். பாஸ் ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குத்தான் செல்லும். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வருகிறவர்களுக்கு இந்த வேலையே இல்லை. மாவட்டத்தின் டி.என். 43 பதிவு வண்டிகள், அவசர ஊர்திகள் போன்றவற்றுக்கும் கெடுபிடி கிடையாது.

பாஸைச் சரிபார்ப்பது மாவட்ட எல்லைச் சோதனைச் சாவடிகளில். மேட்டுப்பாளையம் பக்கம் குன்னூர் வழிக்குக் கல்லாறு, கோத்தகிரி வழிக்குக் குஞ்சப்பனை. கர்நாடகப் பக்கம் கக்கநல்லா. கேரளப் பக்கம் நாடுகாணி, சோலாடி, பாட்டவயல், தாளூர். மலை ஏறத் தொடங்கியபின் கைபேசி சிக்னலை நம்ப முடியாது; கியூஆர் குறியீட்டைப் படமாகச் சேமித்து வைத்தால் சாவடியில் வரிசை நகரும். அதே இடத்தில் பிளாஸ்டிக் சோதனையும் நடக்கும். மாவட்டம் முழுவதும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உள்ளது. எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு போனால் வழியில் குடிநீர் ஏ.டி.எம்.களில் நிரப்பிக்கொள்ளலாம்.

ஏறும் வழிகள்

கோயம்புத்தூரிலிருந்து ஊட்டி சுமார் 86 கிலோமீட்டர். மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று கல்லாறு, பர்லியார், குன்னூர், அருவங்காடு வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மற்றது கோத்தகிரி வழி. பத்து கிலோமீட்டருக்கு மேல் கூடுதல் தூரம். ஆனால் வளைவுகள் தாராளமானவை, நெரிசலும் குறைவு. தலைசுற்றல், வாந்தி உள்ளவர்கள் இருக்கும் குடும்பத்துக்குக் கோத்தகிரி வழியே மேல். குன்னூர் வழியில் குன்னூர் பேருந்து நிலையச் சந்திப்பில் சிக்கினால் மிச்சப்பட்ட தூரத்தின் லாபம் அங்கேயே கரைந்துபோகும்.

கோடை சீசனில் இந்தத் தேர்வு ஓட்டுநர் கையில் இருக்காது. மாவட்டக் காவல்துறை ஒருவழிப் பாதை அறிவிப்பது வழக்கம்: மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவது குன்னூர் வழியாக, ஊட்டியிலிருந்து இறங்குவது கோத்தகிரி வழியாக. இறங்கும்போது குன்னூரில் சிம்ஸ் பூங்காவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். சீசனில் குன்னூரைப் பார்க்க வேண்டுமானால் ஏறும்போதே பார்த்துவிட வேண்டும்.

மைசூரு, பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் குண்டல்பேட்டை, பந்திப்பூர், முதுமலை வழியாகத் தெப்பக்காட்டை அடைவார்கள். காட்டுக்குள் செல்லும் இந்தச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொது வண்டிகளுக்கு மூடப்பட்டிருக்கும். பெங்களூரில் மாலை நான்கு மணிக்குமேல் கிளம்பி அன்றிரவே ஊட்டி சேரலாம் என்ற கணக்கு பெரும்பாலும் பலிக்காது. தெப்பக்காட்டில் மீண்டும் இரண்டு வழி. கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழி நீளமானது, பாதுகாப்பானது. மசினகுடி, கல்லட்டி வழி 36 கொண்டை ஊசி வளைவுகளோடு செங்குத்தாக ஏறுகிறது. 2018இல் நடந்த ஒரு கோர விபத்துக்குப் பிறகு, வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியே இறங்கத் தடை இருக்கிறது. கைபேசி வரைபடத்துக்கு இந்தத் தடை தெரியாமலும் போகலாம். குறைந்த தூரம் என்று அந்த வழியைக் காட்டினால் நம்ப வேண்டியதில்லை. கேரளத்தில் நிலம்பூர், சுல்தான் பத்தேரி பக்கங்களிலிருந்து வரும் சாலைகளும் கூடலூரில் சேர்ந்து அதே நெடுஞ்சாலையில்தான் ஊட்டிக்கு ஏறுகின்றன.

எந்த வழியாக வந்தாலும் நகருக்குள் நுழையும் இடம் முக்கியம். குன்னூர் சாலையும் கோத்தகிரி சாலையும் சேரிங் கிராஸ் பக்கம் கொண்டுவந்து விடுகின்றன. அதாவது நெரிசலின் நடுமையத்தில். கூடலூர் சாலை மேற்கே பிங்கர்போஸ்ட் வழியாக உள்ளே வருகிறது. தங்குமிடம் எந்தப் பக்கம் என்று பார்த்து அறை எடுத்தால் நடுநகரத்தைக் குறுக்கே கடக்கும் தொல்லை மிச்சம்.

மலைப்பாதையில் கார்

சமவெளியில் பல ஆண்டு ஓட்டியவருக்கும் மலைப்பாதை புதிதுதான். ஏறும் வண்டிக்கு முதலில் வழி என்பது சாலை விதி. காரணம் எளிது: சரிவில் நின்ற வண்டியை மீண்டும் ஏற்றுவது கடினம், நின்ற வண்டியை மீண்டும் இறக்குவது சுலபம். வளைவில் பேருந்து திரும்பச் சாலையின் முழு அகலமும் தேவைப்படும். எதிரே பேருந்து வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நிற்க வேண்டும். வளைவுக்குள் புகுந்துவிட்டால் இருவருக்கும் வழியில்லை.

விபத்துகள் அதிகம் நடப்பது இறங்கும்போதுதான். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் கணக்கு. இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லும் அறிவிப்புப் பலகைகள் வழியெங்கும் இருக்கின்றன. பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், தொடர்ந்து உரசிச் சூடேறிய பிரேக் ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும். கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, ஆறும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை. தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கக் கூடாது. ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுவோர் 'எல்' அல்லது கைமுறை கியர் நிலை எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கல்லாறு, பர்லியார் பகுதியில் யானைகள் சாலைக்கு வரும், பலாப்பழப் பருவத்தில் இன்னும் கூடுதலாக. ஹாரன் அடிப்பது, இறங்கிப் படமெடுப்பது இரண்டும் ஆபத்து. குரங்குக்குத் தின்பண்டம் போடுவதும் தடைசெய்யப்பட்டது. மழைக்காலத்தில், முக்கியமாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை, குன்னூர் மலைப்பாதையில் மண்சரிவு புதிதல்ல. சாலை திறந்திருக்கிறதா என்று அடிவாரத்தில் கேட்டுவிட்டு ஏறலாம்.

கார் இல்லாமல்

நடுநகரத்தைச் சேர்வதற்கு எளிய வழி பேருந்துதான். கோயம்புத்தூரில் மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்திலிருந்தும், மேட்டுப்பாளையத்திலிருந்தும் அரசுப் பேருந்துகள் நாள் முழுவதும் ஓடுகின்றன. இறங்குமிடம் நகரின் மையத்திலேயே அமைகிறது. இ-பாஸ் இல்லை, பார்க்கிங் இல்லை, இறங்கும்போது பிரேக் பயமும் இல்லை. இரண்டு பேர் மட்டும் இரண்டு நாள் போய்வருவதற்குக் காரை ஏற்றுவது வீண் செலவு என்றே சொல்லலாம். முதியவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் கணக்கு மாறும்.

மலை ரயில் பயணம் வேறு வகை. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 மணியளவில் புறப்பட்டு 46 கிலோமீட்டரை ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் ஏறுகிறது. 16 சுரங்கங்கள், 250 பாலங்கள், 208 வளைவுகள். பாதை குன்னூர் வரை 1899இலும் ஊட்டிக்கு 1908இலும் வந்து சேர்ந்தது. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் இந்த ரயிலைப் பிடிக்க வசதியாகக் காலையில் மேட்டுப்பாளையம் சேர்கிறது. சீசனில் முன்பதிவு திறந்த உடனேயே இடம் தீர்ந்துவிடும். காரை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு ரயிலில் ஏறுவோர், இறங்கும் ரயில் ஊட்டியில் மதியம் 2 மணியளவில் புறப்பட்டு மாலையில் அடிவாரம் சேரும் என்பதைக் கணக்கில் வைத்து நிறுத்துமிடம் பார்க்க வேண்டும். இடம் கிடைக்காதவர்கள் ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே ஓடும் ரயிலில் ஏறலாம். பல்சக்கரமும் நீராவியும் குன்னூருக்குக் கீழேதான் என்றாலும், லவ்டேல், கேத்தி வழியாகப் போகும் அந்தப் பத்தொன்பது கிலோமீட்டரின் அழகு குறைந்ததல்ல.

ஊருக்குள் வண்டி நிறுத்துதல்

ஊட்டிக்குள் கார் நிறுத்தச் சிறந்த இடம் தங்கும் விடுதியின் வளாகம். இது எல்லோரும் அறிந்ததுதான். அறியாதது, 'பார்க்கிங் வசதி உண்டு' என்ற வரியின் பொருள் ஒவ்வொரு விடுதியிலும் வேறு என்பது. சில இடங்களில் அது வாசல் முன்னுள்ள சாலையோரம். சில இடங்களில் பத்து அறைக்கு மூன்று கார் இடம். இன்னும் சில இடங்களில் நூறு மீட்டர் தள்ளி யாரோ ஒருவருடைய காலிமனை. பதிவு செய்யும் முன் நான்கு கேள்விகள் கேட்டால் போதும். இடம் வளாகத்துக்கு உள்ளேயா? இரவு பத்து மணிக்கு வந்தாலும் இடம் இருக்குமா? உள்ளே ஏறும் பாதையில் பெரிய கார் திரும்புமா? ஓட்டுநருக்குப் படுக்க இடம் உண்டா? கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊரில் ஓட்டுநரைக் காருக்குள் படுக்கச் சொல்வது அநியாயம். தூக்கமில்லாத ஓட்டுநர் மறுநாள் கொண்டை ஊசி வளைவில் இறங்கப் போகிறார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

காரை விடுதியில் விட்டபின் நடுநகரத்தைக் கால்நடையாகவே பார்த்துவிடலாம். பேருந்து நிலையத்திலிருந்து சேரிங் கிராஸ் வரை ஒன்றரை கிலோமீட்டர் போல. அங்கிருந்து தாவரவியல் பூங்காவுக்கு ஒரு கிலோமீட்டர், லேசான ஏற்றம். 2,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் முதல் நாள் மூச்சு சற்று வாங்கும். மெதுவாக நடந்தால் பழகிவிடும். டவுன் பஸ்ஸும் மினி பஸ்ஸும் சுற்றுப்புறங்களுக்கு ஓடுகின்றன. ஆட்டோவில் ஏறும் முன் கட்டணத்தைப் பேசி முடித்துவிட வேண்டும்.

காரோடு கடைவீதிக்குப் போயே ஆக வேண்டுமானால் நேரம்தான் துணை. காலை ஒன்பது மணிக்கு முன் கமர்சியல் சாலைப் பக்கம் இடம் கிடைக்கும். பதினொரு மணிக்கு மேல் இடம் தேடிச் சுற்றும் நேரத்தில் நடந்தே போய்வந்துவிடலாம். கட்டணம் வாங்கும் இடங்களில் ரசீது கேட்டுப் பெற வேண்டும். சீருடையோ ரசீதோ இல்லாதவருக்குப் பணம் தர அவசியமில்லை. சேரிங் கிராஸில் ஆடம்ஸ் நீரூற்றைச் சுற்றி எங்கும், ஒரு நிமிடத்துக்குக்கூட, நிறுத்தக் கூடாது. 1886இல் ஒரு கவர்னரின் நினைவாக எழுப்பப்பட்ட அந்த நீரூற்றின் முன் படமெடுக்க ஆசைப்பட்டு வண்டியை ஓரங்கட்டுவோரால்தான் பாதி நெரிசல் உண்டாகிறது. தாவரவியல் பூங்காவுக்கு வருவோர், வாசலில் ஆட்களை இறக்கிவிட்டு ஓட்டுநர் மட்டும் வண்டியை விலக்கிக் கொண்டுபோவது நல்ல ஏற்பாடு. தானே ஓட்டி வரும் குடும்பத்துக்கு இது பயன்படாது. அவர்களுக்கு ஆட்டோவே சரி.

நகருக்குள் சமதளம் குறைவு. சரிவில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. இறக்கத்தைப் பார்த்து நிற்கும் வண்டிக்கு ரிவர்ஸ் கியர், ஏற்றத்தைப் பார்த்து நிற்பதற்கு முதல் கியர் போட்டு, வண்டி உருண்டாலும் சாலை நடுவே போகாமல் ஓரத்தில் முட்டி நிற்கும்படி முன்சக்கரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். சக்கரத்துக்குக் கல் வைத்தவர்கள் கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட வேண்டும்; இரவில் பின்னால் பைக்கில் வருபவருக்கு அது எமன். காருக்குள் தின்பண்டம் வெளியே தெரியும்படி வைத்தால் குரங்கு கண்ணாடி இடுக்கில் கைவிடும். நகரின் ஓரங்களில் தங்குவோர் இரவில் காட்டெருமை நடமாட்டத்தையும் எதிர்பார்க்கலாம். நீலகிரியின் சில ஊர்களில் கரடி விளக்கு எண்ணெயின் வாடைக்குக் கோயில் கதவை உடைத்த கதைகள் உண்டு. வறுத்த கோழி வாடை வீசும் காரை அது மதிக்காது என்று எண்ணக் காரணமில்லை.

சீசன் ஏற்பாடுகள்

மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்திலும் தொடர் விடுமுறைகளிலும் காவல்துறை வேறு கணக்கு வைத்திருக்கும். பெரிய சுற்றுலாப் பேருந்துகளையும், நெரிசல் மிகும்போது கார்களையும், நகரத்துக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். குன்னூர் பக்கம் ஆவின் அருகிலும், கூடலூர் பக்கம் பழைய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலைப் பகுதியிலும் இத்தகைய நிறுத்துமிடங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அங்கிருந்து அரசுப் பேருந்துகள் உள்ளே அழைத்துச் செல்லும். சுற்றுலா இடங்களை இணைத்து ஓடும் சுற்றுப் பேருந்துகளும் சீசனில் உண்டு; ஒரே சீட்டில் நாள் முழுவதும் ஏறி இறங்கலாம். வெளியே நிறுத்தச் சொன்னால் வாதாடுவதைவிட நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறுவதே புத்திசாலித்தனம். உள்ளே போன கார்களைவிட அந்தப் பேருந்து முன்னால் போய்ச் சேர்ந்த நாட்கள் குறைவல்ல. பை, ஸ்வெட்டர், மாத்திரை, குழந்தைக்கு வேண்டியவை ஆகியவற்றைக் காரிலிருந்து கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும், இடையில் திரும்பி வந்து எடுப்பது நடக்காது.

தொட்டபெட்டா, பைக்காரா போன்ற வெளி இடங்களுக்குக் காரை எடுப்பவர்கள் காலை எட்டு மணிக்குள் நகரத்தை விட்டு வெளியேறிவிட்டால் தடங்கல் இருக்காது. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா கோத்தகிரி சாலையில் சுமார் பத்து கிலோமீட்டர். மேகம் மூடுவதற்கு முன்பான காலை வேளையே காட்சிக்கும் உகந்தது. ஊரை விட்டு இறங்கும் நாளில் அதைப் பார்ப்பதாக வைத்துக்கொண்டால் கோத்தகிரி வழியிலேயே முடிந்துவிடும், நகருக்குள் மீண்டும் திரும்ப வேண்டாம். பெட்டிகளோடு காரை அங்கே விடுவதால் பூட்டைச் சரிபார்த்து, பொருள்களைப் பின்பெட்டிக்குள் வைத்து மூட வேண்டும். மேட்டுப்பாளையத்தில் ரயில் பிடிக்க வேண்டியவர்கள் வார இறுதியில் இந்த இறக்கத்துக்கு மூன்று மணி நேரமும், கோடை விடுமுறை ஞாயிறு மாலைகளில் அதற்கு மேலும் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.